முறத்தில் புடைத்த சீனப் பழமொழிகள்

விறகு, அரிசி, எண்ணெய், உப்பு, சோயா சாஸ், வினிகர், தேயிலை. ஆக மொத்தம் ஏழு! பொழுது விடிந்து கதவைத் திறக்கும்போதே குடும்பத்தலைவிக்குக் கவலை தரும் சாமான்கள் இந்த ஏழும்தான் என்று சீனாவில் ஒரு வசனம் உண்டு. சுமார் 700 வருஷங்களுக்கு முன்பே ஹாங்ஜோ நகரத்து வாழ்க்கையை எழுதி வைத்தவர்கள் இந்தப் பட்டியலையும் குறித்து வைத்திருக்கிறார்கள். விறகு போய் கியாஸ் வந்தாச்சு. பட்டியல் மட்டும் போகவில்லை. 'விறகு, அரிசி, எண்ணெய், உப்பு' என்றாலே அங்கே இன்றைக்கும் குடும்பம் நடத்துவது என்றுதான் அர்த்தம்.

சீனப் பழமொழி என்றதும் நமக்குத் தாடி வைத்த ஞானி ஒருவர்தான் ஞாபகத்துக்கு வருவார். கன்பூஷியஸ் சொன்னார், லாவோட்ஸே சொன்னார் என்போம். அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுப்பங்கரையில் பிறந்த பழமொழிகள் வேறு ரகம். "எத்தனை சமர்த்தான பெண்ணானாலும் அரிசியில்லாமல் சோறு ஆக்க முடியாது" என்கிறது ஒன்று. காலிப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் சொன்ன வார்த்தை மாதிரி இல்லை? நம்ம வீட்டிலே 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்கிறோமே, அதற்கு உடன்பிறப்பு!

பழமொழியும் அரிசி மாதிரிதான் சகோதரிகளே. அப்படியே உலையில் போட்டுவிடக் கூடாது. முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்க்க வேண்டும். இந்த இதழில் சிலவற்றைப் புடைப்போமா?

வாய் ஜாக்கிரதை

"வியாதி வாய் வழியே உள்ளே போகும், வினை வாய் வழியே வெளியே வரும்." பின்பாதிக்கு விளக்கமே தேவையில்லை! முன்பாதியைக் கவனியுங்கள். சீனர்கள் பதார்த்தங்களை மேஜை நடுவில் வைத்து, அவரவர் குச்சியால் எடுத்துச் சாப்பிடுவது வழக்கம். வாயில் வைத்த குச்சி மறுபடி பொதுக் கிண்ணத்துக்குள் போகும். பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன்-டே, 1910-11-ல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை எதிர்த்துப் போராடியவர். அவர் 1915-ல் ஒரு யோசனை சொன்னார். மேஜை நடுவே சுழலும் தட்டு ஒன்றை வையுங்கள், ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனிக் கரண்டி போடுங்கள் என்றார். 2020-ல் கொரோனா வந்தபோது 'பொதுக் குச்சி, பொதுக் கரண்டி' என்று சீன நகரங்கள் மறுபடி பிரசாரம் செய்தன. பழமொழியை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். கடைப்பிடிக்கத்தான் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

நடையும் முள்ளங்கியும்

"சாப்பிட்ட பின் நூறு அடி நட, தொண்ணூற்றொன்பது வரை இரு." சீன மொழியில் இது குழந்தைப் பாட்டு மாதிரி ஓசை நயத்தோடு இருக்கும். ராச்சாப்பாடு முடிந்ததும் தாத்தா பாட்டிகள் பூங்காவில் நடப்பதை அங்கே எந்த ஊரிலும் பார்க்கலாம். சாப்பாட்டுக்குப் பின் மெதுவாக நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது என்று இன்றைய டாக்டர்களும் சொல்கிறார்கள். சீனாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கு மேல். ஆக, நூறு அடிக்கு இன்றைக்கு மவுசு இன்னும் அதிகம். 99 வயசுக்கு மட்டும் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

"குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி, வைத்தியர் சீட்டே வேண்டாம்" என்று இன்னொன்று. வட சீனாவில் குளிர்காலத்தில் நிலமெல்லாம் உறைந்து போகும். குழி தோண்டிப் பத்திரப்படுத்திய முள்ளங்கியும் கோஸும்தான் அன்றைக்குக் காய்கறி. இஞ்சி குமட்டலுக்கு நல்லது என்பதையும் டாக்டர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். சரி, மணி இருக்கிறது. ஆனால் 'வைத்தியர் வேண்டாம்' என்கிற வால் இருக்கிறதே, அது பதர். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் முள்ளங்கியும் இஞ்சியும் அதைக் கரைக்காது அம்மா. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

பட்டு நூல் மாதிரி

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: "நோய் வரும்போது மலை சரிகிற மாதிரி வரும், போகும்போது பட்டு நூல் இழுக்கிற மாதிரி போகும்." பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, நுனியைக் கண்டுபிடித்து, நிதானமாக இழுக்க வேண்டும். ஒரு கூட்டில் இருப்பது ஒரே இழை. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம். சிலவற்றில் 1,000 மீட்டரையும் தாண்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து போகும். தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்த பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

டைபாயிடோ, ஆபரேஷனோ, பிரசவமோ, எதுவானாலும் வீட்டில் நாலு நாள் ஆனதும், "ஜுரம்தான் விட்டுடுச்சே, இன்னும் என்ன படுக்கை?" என்று யாராவது கேட்பார்கள். யாரும் கேட்காவிட்டாலும் நாமே எழுந்து அடுப்பைப் பற்றவைப்போம்! ஜுரம் விடுவது ஒன்று, உடம்பு தேறுவது இன்னொன்று. அடுத்த தடவை இந்தப் பட்டு நூலைச் சொல்லிப் பாருங்கள். வீட்டாரிடம் மட்டுமல்ல, உங்களுக்கு நீங்களே.

பதர் எது?

"ஒவ்வொரு வீட்டிலும் ஓதக் கஷ்டமான ஒரு மறை உண்டு." வீட்டுக்கு வீடு வாசப்படி! நமக்கு மட்டும்தான் இந்தப் பாடு என்று நொந்துபோனவளுக்கு இது பெரிய ஆறுதல்.

இதன் பக்கத்திலேயே இன்னும் இரண்டு உட்கார்ந்திருக்கின்றன. "வீட்டு அவமானத்தை வெளியே பரப்பாதே." "நேர்மையான அதிகாரியாலும் குடும்ப விவகாரத்தைத் தீர்க்க முடியாது." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அடிபட்டு வந்து நிற்கிறவளிடம் இதைச் சொன்னால் என்ன அர்த்தம்? 'வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போ' என்றுதானே!

இதற்குப் பதில் சொல்ல ஒரு சட்டமே வர வேண்டியிருந்தது. சீனாவின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2016 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் பாதுகாப்பு உத்தரவு கேட்டால் கோர்ட் 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவசரமானால் 24 மணி நேரத்துக்குள். "அதிகாரியால் முடியாது" என்ற பழமொழிக்கு இப்படிக் கெடு வைத்துவிட்டார்கள். சட்டம் வந்ததும் பழக்கம் மாறிவிடுமா என்ன? அதுவும் பட்டு நூல்தான். என்றாலும் நுனி கையில் கிடைத்தாச்சு.

"கட்டிக்கொடுத்த மகள் கொட்டிய தண்ணீர்" என்றும் ஒன்று உண்டு. கொட்டினது கொட்டினதுதான், பிறந்த வீட்டில் இனி உரிமையில்லை என்பது கருத்து. 1985-ல் வந்த வாரிசுச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்றது. 2021 முதல் அமலில் உள்ள சிவில் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. மா சே துங் காலத்தில் "பெண்கள் பாதி வானத்தைத் தாங்குகிறார்கள்" என்ற புது வாசகம் நாடெங்கும் பரவி, அதுவும் பழமொழி போலவே ஆகிவிட்டது. பழையது உதவாவிட்டால் புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம், தப்பில்லை!

மணி எது, பதர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். இந்த வார்த்தையால் நிம்மதி யாருக்கு, கேட்கிறவளுக்கா, சொல்கிறவருக்கா? பட்டு நூல் கேட்கிறவளைத் தேற்றுகிறது. 'வெளியே சொல்லாதே' என்பது சொல்கிறவரைக் காப்பாற்றுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக ஒரு நல்ல மணி: "தூரத்துச் சொந்தத்தைவிடப் பக்கத்து வீடு மேல்." பக்கத்து வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் அடிக்கடி கேட்கிறதா? 'நமக்கெதுக்கு வம்பு' என்று ஜன்னலைச் சாத்தாதீர்கள். ஒரு கிண்ணம் உப்பு கேட்கிற சாக்கிலாவது போய்க் கதவைத் தட்டுங்கள். அந்த ஏழு சாமானில் உப்பும் ஒன்றுதானே!