ஆர்மோனியம் வாசித்த ராக் பேண்ட்

பீட்டில்ஸ் படம் போட்ட பனியனோடுதான் என் அக்கா மகன் திரிகிறான். விளாங்குடி கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி. மைக் டெஸ்டிங் முடிகிற வழியாக இல்லை. "தமிழ்ல முதல் ராக் பேண்ட் எது மாமா?" என்றான்.

"பாவலர் பிரதர்ஸ், மாப்ள."

சிரித்துவிட்டான். சிரிக்கட்டும். டிரம்ஸ் இல்லை, மின்சார கிதார் இல்லை. சத்தத்தை வைத்துப் பார்த்தால் நான் சொன்னது தப்புதான். ஆனால் லெனனும் மெக்கார்ட்னியும் லிவர்பூலில் ஒரு சர்ச் விழாவில் முதன்முதலாகச் சந்தித்தது 1957இல். மறு வருடமே, அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து ஓர் அண்ணனும் தம்பியும் மலையேறிவிட்டார்கள்.

தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். கேரளத் தொகுதிதான், ஆனால் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிடம் பாட்டாலேயே ஓட்டுக் கேட்டார் பாவலர் வரதராஜன். கூடவே தம்பி ராசையா, பின்னாளைய இளையராஜா. பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த பையன். ரோசம்மா ஜெயித்தார்.

பாவலரின் வித்தை எளிமையானது. எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டை எடுப்பார். வரிகளை மட்டும் மாற்றி, கூலியையும் விலைவாசியையும் அதில் ஏற்றுவார். பகலெல்லாம் கூடை சுமந்தவனுக்கு எதிரே ஆலாபனை செல்லுமா? முதல் அடியிலேயே அவன் நிமிர வேண்டும். குரல் உடையும்வரை தம்பிக்குப் பெண்குரல் பாட்டு. உடைந்த பிறகு ஆர்மோனியம். பாஸ்கர், அமர் சிங் என்று மற்றத் தம்பிகளும் சேர்ந்தார்கள். அந்த அமர் சிங்தான் கங்கை அமரன். கூட்டத்தைப் படிக்கிற படிப்பு இவர்களுக்கு மேடையில்தான் நடந்தது.

1968இல் அம்மா சின்னத்தாய் ரேடியோவை விற்றுக் கொடுத்த 400 ரூபாயோடு தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோ, கிதார், மேற்கத்திய இசை. 1976இல் ராஜாவின் இசையில் 'அன்னக்கிளி' படம். அதைக் கேட்க அண்ணன் இல்லை. 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று படக் கம்பெனிக்குப் பெயராக மட்டும் இருந்தார். 2025 மார்ச்சில் லண்டனில் ராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது எழுதப்பட்ட கட்டுரைகளிலும் அண்ணனுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். பீட்டில்ஸ் பிரிந்த கதையை மட்டும் நம் பிள்ளைகள் தேதியோடு சொல்வார்கள்!

ஒருவழியாகக் கச்சேரி தொடங்கியது. நாலாவது பாட்டு ராஜா பாட்டு. பேஸ் கிதார்க்காரர், பாவம், ஓரத்தில் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் முதல் நாலு சுரத்தைத் தட்டியதுமே, டீக்கடைப் பக்கம் ஒதுங்கியிருந்த கூட்டம் பந்தலுக்குள் வந்துவிட்டது. பாடகர் இன்னும் வாயே திறக்கவில்லை.

மாப்பிள்ளை என் காதருகே குனிந்தான். "அந்த அண்ணன் பேரு என்ன சொன்னீங்க மாமா?"