'சீனி இல்லை' என்றால் நல்லதா?

சம்பள வாரத்தில் தேக்காவுக்குப் போய்வரும் நம் பிள்ளைகளின் பையில் இப்போது புதுச் சாமான் ஒன்று வருகிறது: சீனி இல்லாத கலர் தண்ணி டின். "இதுல சீனியே இல்லம்மா, நீங்களும் குடிக்கலாம்" என்கிறான் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன். அம்மா பேரப்பிள்ளைக்கும் ஊற்றிக் கொடுக்கிறாள். சீனி இல்லேன்னா இனிப்பு எங்கிருந்து வந்தது? அதை யாரும் கேட்பதில்லை.

அஸ்பார்டேம், சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்புகள்தாம். 2023 ஜூலையில் அஸ்பார்டேமைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில் சேர்த்ததும், விஷம் விஷம் என்று ஒரே கூச்சல். ஆனால் அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய அளவே போதும் என்றது. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட 9 முதல் 14 டின் குடிக்க வேண்டும். பயமுறுத்திப் பேச நமக்கு விருப்பமில்லை.

நம் கவலை வேறு. உடம்பு இளைக்கச் செயற்கை இனிப்பை நம்பாதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொல்லிவிட்டது. (ஏற்கெனவே இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை இல்லை. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் மறுபடி சீனிக்குத் தாவ வேண்டாம்.) காலில் புண் ஆறாமல் விரலை எடுத்தவர்கள் நம் லயங்களிலும் இருக்கிறார்கள். இனிப்புக்குப் பழகிய நாக்கு டின்னோடு நிற்காது. தேத்தண்ணியிலும் கேட்கும், பலகாரத்திலும் கேட்கும்.

சிங்கப்பூர் அரசு இதை யோசித்திருக்கிறது. 30.12.2022 முதல் டின், போத்தல் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம். ஓராண்டு கழித்து, கடையில் கலக்கும் பானங்களுக்கும் வந்தது. டி என்றால் சிவப்பு, விளம்பரமே செய்யக்கூடாது. சீனி துளியும் இல்லாவிட்டாலும் செயற்கை இனிப்பு சேர்த்த பானத்துக்கு ஏ கிடையாது! ஆனால் சி, டி மட்டுமே கட்டாயம் ஒட்ட வேண்டும். ஒன்றும் ஒட்டாத டின்னில் என்ன இருக்கிறது என்று பார்க்க, கடுகளவு ஆங்கில எழுத்தைப் படிக்க வேண்டும். பால்மரம் சீவும் நம் அம்மாமார் எப்படிப் படிப்பார்கள்? செயற்கை இனிப்பின் பெயரைத் தமிழிலும் போடச் சொல்லிக் கேட்போம்.

இன்னொன்று. வெயிலில் தீம்பாரில் நிற்கிறவனுக்குத் தாகத்துக்கு வேண்டியது தண்ணீர். கொதிக்க வைத்த நல்ல தண்ணீரை வேலைக்காட்டுக்கே அனுப்பச் சொல்லி எத்தனை தோட்டங்களில் கேட்டிருக்கிறோம்? அடுத்த கிளைக் கூட்டத்துக்கு இந்த இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.