பழைய வண்டிக்குப் புதிய பிரேக்

பழைய சரக்குந்துகளை மீட்டெடுத்து ஓட்டும் அன்பர்களிடையே தீராத வழக்கொன்று உண்டு. முன்சக்கரங்களின் டிரம் பிரேக்கைக் கழற்றி, அவ்விடத்தில் டிஸ்க் பிரேக் பொருத்தலாமா என்பதே அது. பொருத்தினால் வண்டியின் மூலம் கெடும் என்பர் ஒரு சாரார். பொருத்தலாம், ஆனால் முழுமையாகப் பொருத்த வேண்டும் என்பது நம் கட்சி.

வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 'ஸ்டாண்டர்டு 20' என்னும் சிறு வணிக ஊர்தியைச் செய்து விற்றது. 1980களின் இறுதியில் அவ்வாலை ஓய்ந்தது. அதே வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலைதான் ஒரகடத்தைக் கடக்கிறது. இன்று அச்சாலை கன்டெய்னர் லாரிகளுக்கும், புதுக் கார்களைச் சுமந்து செல்லும் நெடு வண்டிகளுக்கும் உரியது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம். முன்னே செல்லும் கார் சட்டென நின்றுவிடும். பின்னே வரும் பழைய வண்டி நிற்குமா?

டிரம் பிரேக்கின் குறை அதன் அமைப்பிலேயே உள்ளது. தொடர்ந்து மிதித்தால் சூடேறி டிரம் விரியும், உள்ளிருந்து அழுத்தும் கட்டைக்கும் அதற்கும் இடைவெளி கூடும், பிடி தளரும். மழைநீர் உள்ளே புகுந்தால் எளிதில் வெளியேறாது. திறந்த வெளியில் சுழலும் டிஸ்க்கோ விரைவில் ஆறும், நீரையும் உதறிவிடும்.

எனினும் டிஸ்க்கை மட்டும் மாட்டிவிட்டு ஓட்டுவது பெரும்பிழை. டிரம்மின் சுழற்சியே முன்கட்டையைத் தன்னோடு இழுத்து இறுக்கி ஓட்டுநரின் காலுக்குத் துணை செய்கிறது. டிஸ்க்கில் அத்துணை இல்லை. பூஸ்டர் இல்லாத வண்டியில் அந்த வலுவை நெம்புகோலாலும் நீரியல் அழுத்தத்தாலும் பெற வேண்டும். ஆகவே மிதிகட்டையின் நெம்புவிகிதம் ஏறத்தாழ ஆறுக்கு ஒன்றாக அமைதல் நன்று. மாஸ்டர் சிலிண்டரின் துளை சிறுத்தால் அழுத்தம் கூடும். ஆனால் கட்டை ஆழமாக இறங்கும். இரண்டுக்கும் இடையே அளவு காண்பதே வல்லார் செயல்.

பழைய வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான். ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரமும் கைவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றுடைய மாஸ்டர் சிலிண்டரை இம்மாற்றத்தின்போதே பொருத்திவிட வேண்டும். மேலும், சரக்கில்லாத பிக்கப்பின் பின்புறம் இலேசானது. மிதித்தவுடன் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடக் கூடும். பின்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு அதற்கெனவே உள்ளது.

இனி, மூலம் கெடும் என்னும் வாதம். நம் பழநூல்களின் ஏடுகளில் பெரும்பாலும் புள்ளியும் இல்லை, நிறுத்தற்குறியும் இல்லை. பதிப்பாசிரியர்கள் அவற்றை இட்டார்கள். நூல் மாறவில்லை, படிப்போர் தடுமாற்றம் நீங்கியது. நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தையும் அடியில் காட்டுவார். வண்டிக்காரரும் அவ்வாறே கழற்றிய டிரம்மையும் கட்டைகளையும் எண்ணெயிட்டுப் பேணி வைக்கட்டும். வேண்டும்போது திரும்ப மாட்டலாம். அச்சை வெட்டாமல், பற்றவைக்காமல், திருகாணியால் மட்டும் பொருத்துவதே முறை.

2021இல் வந்த பழமைவாய்ந்த வாகன விதிகள், ஐம்பதாண்டு கடந்தவற்றில் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெருமாற்றம் பெற்றிருக்கலாகாது என்கின்றன. பிரேக்கைப் பெயர் சுட்டி விலக்கவில்லை. ஆயினும் வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிதல் நலம்.

ஒரகடத்திலேயே அரசின் வாகன ஆய்வு மையம் சோதனைத் தடங்களோடு இருக்கிறது. பெருநிறுவனங்களின் புது வண்டிகள் அத்தகைய தடங்களில் தேர்ந்த பிறகே சாலைக்கு வருகின்றன. பழைய வண்டிக்காரருக்கோ நெடுஞ்சாலைதான் சோதனைத் தடம். அங்கே தோற்றால் வருந்துவது எதிரில் சைக்கிளில் ஆலைக்குச் செல்லும் தொழிலாளி. ஆண்டுக்கு ஒரு நாளேனும் அத்தடங்களை இவர்களுக்கும் திறந்துவிடலாம் என்பது நம் வேண்டுகோள்.