வைத்தவர் எடுக்கவும் வேண்டாமா?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் வேதியியல் மாணவி)

இந்தப் பொருளில் எழுதப் போகிறேன் என்று மலர்க் குழுப் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் சற்றுத் தயங்கினார். “எழுதும்மா, ஆனால் சொல்லைப் பார்த்து எழுது” என்றார். பார்த்துத்தான் எழுதுகிறேன். கண் அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும் நம் மலர்களில் கட்டுரைகள் வருகின்றன. மார்பகம் என்றால் மட்டும் பேனா ஏன் கூச வேண்டும்? அந்தக் கூச்சத்துக்கு என் சித்தி கொடுத்த விலையை நான் அருகிலிருந்து பார்த்தவள்.

குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ஆஸ்பத்திரிச் சீட்டு எது வந்தாலும், பள்ளி நாளிலிருந்தே அது என் கைக்குத்தான் வரும். 2014-ஆம் ஆண்டு சித்திக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஒரு பக்கத்து மார்பை எடுத்துவிட்டு, பிறகு அந்த இடத்தில் சிலிக்கோன் மார்பகம் ஒன்றை இலவசமாகவே வைத்து அனுப்பினார்கள். அந்த உதவியை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். அது இருந்ததால்தான் சித்தி மறுபடியும் தெருவில் நிமிர்ந்து நடந்தார். நாலு பேர் கூடும் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை உடுத்திப் போனார்.

வரும்போது கையில் ஒரு சிறு அட்டை கொடுத்திருந்தார்கள். முழுவதும் ஆங்கிலம். கம்பெனியின் பெயரும் ஒரு நீளமான எண்ணும் அதில் இருந்தன. ரேஷன் கார்டோடு சேர்த்து அதைத் தகரப் பெட்டியில் வைத்தோம். மறு ஆண்டு, 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தையே புரட்டிப்போட்ட வெள்ளம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. பெட்டியில் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டது. ரேஷன் கார்டுக்கு மறுபடியும் மனுப் போட்டோம். அந்த அட்டைக்கும் மனுப் போட வேண்டும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

2021-இல் சித்தியின் அந்தப் பக்கம் கல்லாக இறுகத் தொடங்கியது. தார் சுற்றக் கையைத் தூக்கினால் வலி. எட்டு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பழைய நோய்தான் திரும்பிவிட்டது, இனிச் செலவு செய்து என்ன பயன் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டிருந்தார்.

அது புற்றுநோய் அன்று. நம் உடம்புக்குள் அந்நியப் பொருள் எது புகுந்தாலும் உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறை நெய்துகொள்ளும். இது எல்லோருக்கும் நடப்பது, கெடுதல் இல்லை. சிலருக்கு மட்டும் அந்த உறை நாளடைவில் தடித்துச் சுருங்கி, உள்ளே இருப்பதை இறுக்கும். நனைந்த பாவு காயும்போது இழுத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மார்பு கெட்டிப்பட்டு, வடிவம் மாறி, வலிக்கும். இன்னொரு தொல்லை, உறைக்குள்ளேயே சிலிக்கோன் பை கிழிந்துபோவது. இதில் பல நேரம் வலியே இருக்காது. ஆகையால்தான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், வைத்து ஐந்தாறு ஆண்டு ஆனதும் ஒருமுறையும் அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. சித்திக்கு இந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், ஒருநாள் தறிக்கூலியை விட்டுவிட்டுக் கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ பஸ் ஏறி, நோவு இல்லாத உடம்புக்கு ஸ்கேன் எடுக்க எங்கள் தெருவில் யார் போவார்கள்?

அதே நிர்வாகம் 2011-இல் வெளியிட்ட அறிக்கையை நண்பர்கள் கவனிக்க வேண்டும். அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் அதை எடுக்க வேண்டி வருகிறது. புற்றுநோய்க்குப் பின் வைத்துக்கொண்டவர்களிலோ இரண்டில் ஒருவருக்கு வரையில் அந்த நிலை வரலாம். அதாவது இது ஆயுளுக்கும் நிற்கும் சாதனம் அன்று. முதல் அறுவைச் சிகிச்சையோடு கணக்கு முடிவதில்லை.

நிற்க. இந்தச் சிலிக்கோன் என்பதுதான் என்ன? சிலிக்கன் வேறு, சிலிக்கோன் வேறு. (முதலாண்டுத் தேர்வில் நானே மாற்றி எழுதி மதிப்பெண் இழந்தவள்.) சிலிக்கன் ஒரு தனிமம். சிலிக்கோன் என்பது சிலிக்கனையும் ஆக்ஸிஜனையும் மாறி மாறிக் கோத்த நெடுஞ்சங்கிலி, பக்கவாட்டில் கரிமத் தொகுதிகளோடு. சங்கிலியின் நீளத்தைப் பொறுத்து எண்ணெயாகவும், கூழாகவும், ரப்பராகவும் இருக்கும். 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில்தான் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குச் சிலிக்கோன் மார்பகம் வைக்கப்பட்டது.

மருந்துத் தரத்துக்கும் தொழிற்சாலைத் தரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வகத்தில் நாம் குப்பியின் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். உடம்புக்குள் போன பொருளுக்குச் சீட்டு ஏது? பிரான்சில் 1991-இல் ழான் குளோத் மாஸ் என்பவர் தொடங்கிய ‘பிப்’ என்ற கம்பெனி, மருத்துவத்துக்கு அனுமதி பெறாத மலிவான தொழிற்சாலைச் சிலிக்கோனை அடைத்து விற்றது. ஐரோப்பியத் தர முத்திரை அதன்மேல் இருந்தது! ஏறத்தாழ 3 லட்சம் பெண்களின் உடம்பில் அது போய்ச் சேர்ந்த பிறகு, 2010-இல்தான் விற்பனை தடுக்கப்பட்டது. 2013 டிசம்பரில் மாஸுக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

தண்டனையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, எடுக்கும் செலவு யாருடையது என்று அங்கே எழுந்த சண்டைதான். 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு, தன் நாட்டில் அதை வைத்திருந்த 30 ஆயிரம் பெண்களையும் எடுத்துவிடும்படி சொன்னது; எடுக்கும் செலவையும் ஏற்றது. ஆனால் மாற்று வைக்கும் செலவைப் புற்றுநோய் கண்டவர்களுக்கு மட்டுமே ஏற்றது. பிரிட்டனில் தனியார் மருத்துவமனைகள் சில கையை விரித்தன. சில மூடியே போயிருந்தன. அப்படிக் கைவிடப்பட்டவர்களுக்கு அரசு மருத்துவத்துறை எடுத்துவிட முன்வந்தது. புதிதாக வைத்துத் தர மறுத்தது. பணக்கார நாட்டிலேயே இதுதான் நிலை.

2019 ஜூலையில் இன்னொன்று. அல்லர்கான் கம்பெனியின் சொரசொரப்பான மேற்பரப்புக் கொண்ட ஒரு வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று அத்தகைய மார்பகத்தைச் சுற்றி உண்டாவதாகத் தெரிந்ததே காரணம். அன்றைய கணக்கில் உலகம் முழுவதும் 573 பேர், அவர்களில் இறந்தவர்கள் 33 பேர். அபூர்வமான நோய்தான். அறிகுறி ஏதும் இல்லாதவர்கள் எடுக்க வேண்டியதில்லை என்றே சொன்னார்கள். ஆனால் தனக்குள் இருப்பது எந்த வகை என்று தெரிந்த பெண்ணுக்குத்தானே அந்த ஆறுதல் பயன்படும்?

நம் மாநிலத்துக்கு வருகிறேன். 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு மார்பக அழகுச் சிகிச்சையும் இலவசம் என்று அறிவித்தார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர், ஏழைக்கு ஏன் இது கிடைக்கக் கூடாது, இல்லையேல் அவர்கள் கடன் வாங்கியோ ஆபத்தான வழியிலோ போய்விடுவார்கள் என்ற கருத்தில் பேசினார். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று எதிர்த்தவர்களும் உண்டு. வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை அந்தச் செய்தி போயிற்று.

அந்த வாதத்தில் நான் அமைச்சர் பக்கம்தான். அழகு என்பது பணக்காரர் வீட்டுச் சொத்து என்று யார் எழுதி வைத்தது? சித்தி பட்டுப்புடவை உடுத்திக் கல்யாணத்துக்குப் போனதைப் பார்த்த பிறகு என்னால் வேறு பக்கம் நிற்க முடியாது. ஆனால் இரு தரப்பாரும் வைப்பதைப் பற்றியே பேசினார்கள். பத்து ஆண்டு கழித்து எடுப்பதைப் பற்றி எழுந்த பேச்சு என் கண்ணில் படவில்லை. 2018-இல் வைத்துக்கொண்டவருக்கு 2028-இல் பத்து ஆண்டு நிறைகிறது. நாள் அதிகம் இல்லை.

இலவசமாக வைத்துக் கொடுப்பவர்கள் எடுக்கும் செலவையும், தேவைப்பட்டால் மாற்று வைக்கும் செலவையும் அன்றைக்கே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதோடு, யாருக்கு எந்த எண் வைத்தோம் என்ற பதிவேடு வைத்தவர்களிடமே இருக்க வேண்டும். நோயாளி வீட்டுத் தகரப் பெட்டியை நம்பி ஒரு பதிவு இருக்கலாமா? நம் நாட்டில் மருத்துவச் சாதனங்களால் வரும் கோளாறுகளைக் கண்காணிக்க 2015-இல் ஒரு தேசியத் திட்டமே தொடங்கினார்கள். 2017-இல் சாதனங்களுக்கென்று தனி விதிகளும் வந்தன. நல்லதுதான். குறிஞ்சிப்பாடிப் பெண் எட்டு மாதம் மறைத்து வைத்த வலி அந்தத் திட்டத்தின் காதுக்கு எந்த வழியாகப் போகும்? அட்டையைத் தமிழில் அச்சடித்து, ‘இறுகினால், வடிவம் மாறினால், வீங்கினால் உடனே வாருங்கள்’ என்று பின்பக்கம் நாலு வரி போட என்ன செலவாகிவிடும்?

சித்திக்கு வைத்த இடத்தில் போய்க் கேட்டோம். எந்தக் கம்பெனி, எந்த எண் என்று எங்களையே கேட்டார்கள். பழைய பதிவு கிடைக்கவில்லை. இரண்டு முறை அலைந்து, 2022-இல் வேறொரு தனியார் மருத்துவமனையில் எடுத்தோம். முழு மயக்கம் கொடுத்து, பழைய தழும்பின் வழியாகவே திறந்து, இறுகிய உறையையும் சேர்த்து எடுத்தார்கள். நீர் வடிய ஒரு குழாய் வைத்தார்கள். இலவசமாக உள்ளே போனதை வெளியே எடுக்கச் சித்தியின் இரண்டு பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. புதியது வைக்கலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, “வேணாங்க, கனம் எறங்கினா போதும்” என்றார் சித்தி. விலையைக் கேட்ட பிறகு சொன்ன பதில் அது. உண்மையில் வேண்டாம் என்றுதான் நினைத்தாரா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

எடுத்ததை நர்ஸ் அக்கா தட்டில் காட்டினார். அதன் பின்புறத்திலேயே கம்பெனியின் முத்திரையும் எண்ணும் பதிந்திருந்தன. ஏழெட்டு ஆண்டாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த அட்டை சித்தியின் உடம்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. நோட்டில் குறித்துக்கொண்டேன். கல்லூரிக்கு வந்து இதையெல்லாம் படித்த பிறகு, 2019-இல் திரும்பப் பெற்ற பட்டியலோடு ஒத்துப்பார்த்தேன். அதில் இல்லை. ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன்.

“அப்போ அத எடுத்திருக்கவே வேணாமா பாப்பா?” என்று கேட்டார்.

இறுகியது வேறு, இது வேறு என்று சொல்லி, முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன்.