நல்ல கன்று எங்கே கிடைக்கும்?



தோப்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். புதிதாக வீடு கட்டி, வளவைச் சுற்றி மதிலும் எழுப்பிவிட்டார்களாம். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லையாம். வீதியில் வந்த லொறிகளில் மூன்று முறை கன்று வாங்கி நட்டும், மூன்று முறையும் கச்சான் காற்றோடு எல்லாம் கருகிப் போய்விட்டனவாம். "எங்கள் பகுதிக்குத் தோதான நல்ல நாற்றுமேடையை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கிறார்.

இந்தப் பக்கத்துக்கு இப்படியும் ஒரு கேள்வியா என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் நானும் நன்றாக ஏமாந்தவன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வரும்போது சந்தியில் கன்று லொறி ஒன்று நின்றது. ஒட்டு மாங்கன்று இரண்டும் தோடங்கன்று ஒன்றும் வாங்கினேன். மாங்கன்றின் தண்டில் பொலித்தீன் நாடா அழகாகச் சுற்றியிருந்தது. "மூணாம் வருசம் காய்க்கும் ஹஸ்ரத்" என்றார் விற்றவர். தோடை அடுத்த ஜூலையைத் தாண்டவில்லை. மா வளர்ந்தது. மூன்றாம் வருடமும் போயிற்று, ஐந்தாம் வருடமும் போயிற்று. ஏழாம் வருடம் காய்த்தது. நாரும் புளிப்புமாக, வாயில் வைக்க முடியாத காய்! பிறகுதான் விஷயம் விளங்கியது. அது ஒட்டுக் கன்றே அல்ல. கொட்டையில் முளைத்த கன்றுக்கு வெறுமனே நாடா சுற்றி விற்றிருக்கிறார்கள்.

வீட்டில் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "சல்லி போனாப் போகட்டும். இந்த ஏழு வருசத்தில புள்ளயள் வளந்து வெளியூருக்குப் படிக்கப் போயிட்டாங்க. அவங்க ஏறி விளையாட வெச்ச மரம் இப்பத்தானே காய்க்குது!"

யோசித்துப் பாருங்கள். அரிசி கெட்டிருந்தால் அன்றைக்கே தெரியும், சேலைச் சாயம் போனால் முதல் அலசலில் தெரியும். கன்று கெட்டதென்பதோ ஐந்து ஆறு வருடம் கழித்துத்தான் தெரிகிறது. அந்த வருடங்களை விற்றவர் திருப்பித் தரவும் முடியாது, நாம் கேட்கவும் முடியாது. அதனால் கன்று வாங்குவதில் காட்டும் கவனம் வேறெதிலும் காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

இதை எனக்குச் சரியாகக் கற்றுத் தந்தவர் சம்பூரில் இருக்கும் ஓர் அம்மா. மூதூரிலிருந்து கட்டைபறிச்சான் பாலம் கடந்து போனால் சம்பூர். 2006 ஏப்ரலில் அந்த ஊர் சனம் குண்டுவீச்சுக்குப் பயந்து வெளியேறியது. அதே வருடம் ஓகஸ்ட் மாதம் மூதூர் மக்களாகிய நாமும் கந்தளாய்க்கு நடந்தோம். அந்த நடையை நம் உம்மாமார் மறக்க மாட்டார்கள். நாம் சில வாரங்களில் திரும்பி வந்தோம். அவர்களுக்கோ கிளிவெட்டி போன்ற முகாம்களில் ஒன்பது வருடங்கள் கழிந்தன. 2015லும் 2016லும்தான் காணிகள் விடுபட்டு ஊர் திரும்பினார்கள். என்னோடு படிப்பித்த ஓர் ஆசிரியர் குடும்பமும் அப்படித் திரும்பியது. ஒரு நாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன்.

"வீடு கட்ட உதவி தந்தாங்கள் ஐயா. மரம் ஆர் தாறது?" என்றார் ஆசிரியரின் மனைவி. முன்பு மாவும் பலாவும் தேசியுமாக நின்ற வளவில், அவர்கள் வந்தபோது பற்றையும் முள்ளுமே இருந்தனவாம். பின் வேலியோரம் ஒரே ஒரு பழைய கறுத்தக் கொழும்பான் மாமரம் மட்டும் தப்பி நின்றதாம். அவரும் முதலில் லொறிக் கன்று வாங்கி இரண்டு வருடம் இழந்தார். அதன் பிறகு விவசாயப் போதனாசிரியர் நடத்திய ஒட்டுக்கட்டும் வகுப்பு ஒன்றுக்குப் போய்ப் பழகி, தப்பிய அந்த மரத்திலிருந்தே ஒட்டுக்கட்டத் தொடங்கினார். இப்போது கிணற்றடியில் கிடுகுப் பந்தல் போட்டு, பையில் கன்று வளர்த்து விற்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. மூதூரிலிருந்து நம் பெண்களும் தேடிப் போகிறார்கள்.

அங்கே கற்றதையும் நான் பட்டதையும் சேர்த்து, தோப்பூர்ச் சகோதரிக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கன்று எந்த ஊர் வெயிலில் வளர்ந்தது என்று கேளுங்கள். நமக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான். ஜூன், ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று நெருப்பாக வீசும். கடலோர வளவென்றால் மண்ணும் மணல், கிணற்றிலும் உப்புச் சாடை. மலைநாட்டுக் குளிரில், நிழல் வலைக்குக் கீழே செழித்த கன்றைக் கொண்டுவந்து இந்தக் காற்றில் வைத்தால் அது என்ன செய்யும்? பார்வைக்குப் பச்சைப் பசேலென்று இருக்கும் கன்றைவிட, நம் பக்கத்து வெயிலில் கொஞ்சம் கறுத்து, கட்டையாக நிற்கும் கன்று மேல்.

இரண்டாவது, தாய் மரத்தைக் கேளுங்கள். "இது எந்த மரத்தில் எடுத்தது? அந்த மரத்தைப் பார்க்கலாமா?" என்ற ஒரு கேள்வி போதும். நல்ல நாற்றுமேடைக்காரர் மகிழ்ச்சியோடு கூட்டிச் சென்று காட்டுவார், அல்லது எங்கே இருக்கிறதென்று சொல்வார். மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம். விவசாயத் திணைக்களத்தின் விதைச் சான்றுபடுத்தல் சேவை தாய் மரங்களையும் நாற்றுமேடைகளையும் பரிசோதித்துச் சான்று கொடுக்கிறது. பழக்கன்று வாங்கும்போது அந்தச் சான்று உண்டா என்றும் கேட்கலாம்.

மூன்றாவது, ஒட்டைக் கண்ணால் பாருங்கள். நாடாவை நம்ப வேண்டாம். ஒட்டிய இடத்தில் இரண்டு தண்டும் சேர்ந்த தழும்பு தெளிவாகத் தெரிய வேண்டும். அதற்கு மேலே புதிதாக விட்ட இலைகள் முற்றியிருக்க வேண்டும். தழும்புக்குக் கீழே துளிர் விட்டிருந்தால் அது அடிக்கன்றின் துளிர். அதைக் கிள்ளாமல் விட்டால் மேலே ஒட்டிய நல்ல சாதி செத்து, கீழே இருக்கும் புளி மாங்காய்தான் மரமாகும். நல்ல ஒட்டு மா மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். கொட்டைக் கன்று ஆறு ஏழு வருடமோ அதற்கு மேலுமோ எடுக்கும்.

நான்காவது, பையின் அடியைப் பாருங்கள். வேர் பையைத் துளைத்து நிலத்தில் இறங்கியிருந்தால், தூக்கும்போது அது அறுந்துவிடும், கன்று வாடும். வேர் பைக்குள் வட்டமாகச் சுருண்டிருந்தால் நிலத்திலும் அப்படியே சுருண்டு மரத்தை நெரிக்கும். சின்னப் பையில் உயரமான கன்று நின்றால் அது கனகாலம் விலைப்படாமல் கிடந்தது என்று பொருள். பெரிய கன்றுதான் சீக்கிரம் காய்க்கும் என்று நம் பெண்கள் நெடியதைத் தெரிவு செய்வார்கள். பென்சிலைவிடச் சற்றுத் தடித்த தண்டோடு நிற்கும் குட்டைக் கன்றே முந்திக்கொள்ளும்.

ஐந்தாவது, இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போல் பூச்சி அப்பியிருந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். நிற்கும் மரங்களுக்கும் அது பரவும். பை மண்ணில் கோரைப்புல்லோ பார்த்தீனியமோ முளைத்திருந்தாலும் வேண்டாம். கோரைக் கிழங்கு ஒன்று வளவுக்குள் வந்தால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பிடுங்கி முடியாது.

சில வகைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தென்னங்கன்றைத் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை மூலம் வாங்குவது பாதுகாப்பு. தெற்கே வெலிகமவில் 2006ல் கண்டுபிடிக்கப்பட்ட ஓலை வாடல் நோய் காரணமாக, அந்தப் பகுதியிலிருந்து தென்னை இனக் கன்றுகளை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கு அந்தப் பக்கம் போனவர்கள் ஆசையாக ஒன்றைக் காரில் வைத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது. பப்பாசியில் 'ரெட் லேடி' பழம் தின்றுவிட்டு அதன் விதையைப் போட்டால் அதே பழம் வராது. அது கலப்பினம். முருங்கைக்கு நாற்றுமேடையே தேவையில்லை. காய் ருசியான மரத்தில் ஒரு தடி கேட்டு வாங்கி நட்டால் போதும். மாதுளையும் தடியிலோ பதியிலோ வந்துவிடும். நிழல் மட்டும் வேண்டுமென்றால் வேம்பு இருக்கவே இருக்கிறது.

அப்படியானால் நல்ல நாற்றுமேடை என்பது சந்தியில் அழகாகப் பூச்சட்டி அடுக்கிய இடம்தான் என்றில்லை. உங்கள் ஊரில் நன்றாகக் காய்க்கும் ஒரு மரமும், அதிலிருந்து கன்று எடுக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் அதுவே நாற்றுமேடை. ஊரிலேயே இருப்பவர் நாளைக்கும் உங்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர் அல்லவா? லொறியோ அடுத்த ஊருக்குப் போய்விடும்.

ஸல்மான் பாரிஸி ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட அவர்கள் 300 பேரீச்சங்கன்றுகள் நட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கன்றுகள் எங்கிருந்து வந்தன? ஸஹாபாக்கள் ஆளுக்கு முப்பது, இருபது, பதினைந்து, பத்து என்று தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் கையாலேயே நட்டார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது. பேரீச்சையில் தாய் மரத்தின் அடியில் விடும் பக்கக் கன்றுதான் தாயைப் போலவே காய்க்கும். கொட்டையில் முளைத்தது ஆணா பெண்ணா என்பதுகூடப் பூக்கும்வரை தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக் கன்றின் அருமை அன்றே அறியப்பட்டிருந்தது.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொருளில் இருக்கும் குறையை மறைத்து விற்பது ஹராம் என்பதும், மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்பதும் பிக்ஹின் பாலபாடம். கொட்டைக் கன்றுக்கு நாடா சுற்றுவது பிறர் வாழ்நாளில் சில வருடங்களைத் திருடுவது. கொட்டைக் கன்றைக் கொட்டைக் கன்று என்றே சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை, வாங்கவும் ஆள் இருக்கும்.

இனி, வாங்கிய பிறகு. கொண்டுவந்த அன்றே நட்டுவிட வேண்டாம். இரண்டு வாரம் முதலில் நிழலிலும் பிறகு காலை வெயிலிலும் வைத்துப் பழக்குங்கள். குழியை முன்கூட்டியே இரண்டரை அடி மூன்று அடிக்கு வெட்டி, அடியில் பொச்சு மட்டை அடுக்கி, மக்கிய எருவோடு மேல்மண் கலந்து நிரப்பி வையுங்கள். ஒக்டோபர் மழை விழுந்து நிலம் குளிர்ந்ததும் நடுங்கள். பையைக் கிழித்து எடுக்க மறக்க வேண்டாம். ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அப்படி நட்டால் கச்சான் வருவதற்குள் எட்டு மாதம் வேர் ஓட அவகாசம் கிடைக்கும்.

தண்ணீர்க் கஷ்டம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. யெமன் நாட்டின் ஸன்ஆ 2,200 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் நகரம், மழை குறைந்த வறண்ட பூமி. அங்கே பழைய நகரத்துக்குள் பள்ளிவாசல்களை ஒட்டித் தோட்டங்கள் உண்டு. வுளூச் செய்த நீர் வாய்க்கால் வழியே அந்தத் தோட்டங்களுக்குப் போகும்படி முன்னோர் அமைத்தார்கள். நம் வீட்டிலோ ஐந்து நேர வுளூ நீர் கானில் ஓடுகிறது! சவர்க்காரம் கலக்காத அந்த நீரை ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி மாவடிக்குத் திருப்பினால் போதும். அல்லது கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண் முட்டியைப் புதைத்து அதில் நீர் நிரப்பி மூடி வையுங்கள். கசிந்து கசிந்து வேருக்குப் போகும்.

சம்பூரிலிருந்து கிளம்பும்போது அந்த அம்மா ஓர் ஒட்டு மாங்கன்றை என் கையில் தந்தார். விலை கேட்டேன். சொன்னார், கொடுத்தேன். பிறகு அவரே சொன்னார்: "ஐயா, இது பட்டா வந்து சொல்லுங்கோ. வேற ஒண்டு தாறன். நான் இஞ்சதான் இருப்பன். இனி எங்கயும் போறதா இல்ல."

"நான் இங்கேதான் இருப்பேன்" என்று அவரால் சொல்ல முடிந்ததே, அதைவிடப் பெரிய சான்றிதழ் எந்தக் கன்றுக்கு இருக்கிறது? அந்தப் பழைய மாமரத்தின் பிள்ளை இப்போது எங்கள் வளவில் நிற்கிறது. போன கச்சானில் நான்கு இலை உதிர்த்தது. மாரியில் புதிதாகத் துளிர்த்துவிட்டது.

தோப்பூர்ச் சகோதரியே, இந்த மாதம் லொறி வந்தால் கதவைத் திறக்க வேண்டாம். உங்கள் தெருவில் எந்த வீட்டு மா ருசி என்று விசாரியுங்கள். அந்த வீட்டுக்காரியிடம் ஸலாம் சொல்லிக் கதவைத் தட்டுங்கள். கன்று பிடித்துக் காய்த்தால் முதல் பழத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தனுப்புங்கள். மீதியைப் பிள்ளைகளும் குருவிகளும் பார்த்துக்கொள்ளும். அதன் கூலி அல்லாஹ்விடம்.

வஸ்ஸலாம்.