சிவப்புத் துணி கட்டிட்டா போதுமா? குட்டி யானையில் போகும் 20 அடி கம்பியும், நாம் கடைக்காரரிடம் கேட்காத கேள்வியும்

தென்காசி – குற்றாலம் ரோட்டில் சீசன் நேரத்தில் பைக் ஓட்டியவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. முன்னால் ஒரு குட்டி யானை போகுது. பின்கதவு திறந்து தொங்குது. உள்ளேயிருந்து ஏழெட்டு அடிக்குக் கம்பியோ, பைப்போ, சவுக்குக் கம்போ வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. நுனியில் ஒரு சிவப்புத் துணி. சாரலில் நனைந்து கம்பியோடு ஒட்டிக்கிடக்கும் அது துணியா, துருவா என்று பக்கத்தில் போனால்தான் தெரியும். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த நுனி மேலும் கீழும் ஆடுது, சரியாக நம்ம ஹெல்மெட் உயரத்தில்.

"அதான் துணி கட்டியிருக்காங்கல்ல, பார்த்துப் போக வேண்டியதுதானே?" என்பதுதான் பொதுவான பதில். டிரைவர், கடைக்காரர், வீடு கட்டுறவர் எல்லோரும் அந்தத் துணியை ஒரு பெர்மிட் மாதிரி நினைக்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு பெர்மிட் இப்போது சட்டத்தில் கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் விதி 93(8) என்று ஒன்று இருக்கு. லோடு வண்டியின் பாடியைத் தாண்டி பக்கவாட்டில் நீட்டக் கூடாது, முன்னால் நீட்டக் கூடாது, பின்னாலும் நீட்டக் கூடாது என்று அது சொல்கிறது. ஆரம்பத்தில் இதில் ஒரு விலக்கு இருந்தது. கம்பம், கம்பி போன்ற நீளமான பொருட்கள் பின்பக்கம் ஒரு மீட்டர் வரை நீட்டலாம். நம்ம ஊர் சிவப்புத் துணிக்கு இருந்த சட்ட ஆதாரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நடைமுறையில் அந்த ஒரு மீட்டர் மூன்று மீட்டர் ஆனது, துணி மட்டும் மிஞ்சியது. நீட்டிய கம்பிகளால் நடக்கும் மரணங்களைக் காட்டி சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டது. 2014-ல் மத்திய அரசு அந்த விலக்கையே நீக்கிவிட்டது. இன்றைய கணக்கில் பின்னால் அனுமதிக்கப்பட்ட நீட்டல் என்பது பூஜ்யம்.

2019 திருத்தச் சட்டம் இதற்குத் தனியாக ஒரு அபராதமும் வைத்தது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194(1ஏ)-ன்படி 20,000 ரூபாய், கூடவே லோடை இறக்கும் செலவு. நீட்டல் இல்லாதபடி லோடைச் சரிசெய்யும் வரை வண்டி நகரக் கூடாது. இந்தப் பிரிவில் இன்னொரு விஷயமும் இருக்கு. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அபராதம் ஓட்டுபவருக்கு மட்டும் இல்லை; அப்படி "ஓட்ட வைப்பவர், ஓட்ட அனுமதிப்பவர்" என்றும் சட்டம் சேர்த்தே எழுதியிருக்கு. இதுக்குக் கடைசியில் வருவோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தா...

டாடா ஏஸ் என்கிற நம்ம குட்டி யானையின் மொத்த நீளம் 3.8 மீட்டர், அதாவது பன்னிரண்டரை அடி. அதில் லோடு வைக்கும் இடம் சுமார் 7 அடிதான். வீடு கட்டும் டி.எம்.டி. கம்பி ஆலையிலிருந்து வரும்போது 12 மீட்டர், கிட்டத்தட்ட 40 அடி. அதைப் பாதியாக மடித்தாலும் 20 அடி. கேட், ஷெட் போடும் சதுர பைப்பும் 20 அடிதான். பிவிசி பைப்பிலும் 20 அடி அளவு சாதாரணம்.

20 அடிப் பொருளை 7 அடித் தொட்டியில் படுக்க வைத்தால் 13 அடி வெளியே நிற்கும். உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது அதிகம்! கேபினுக்கு மேல் ஸ்டாண்டு வைத்து ஏற்றினாலும் ஏழரை அடி மிஞ்சும். அதைப் பின்னால் விடுறதா, முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் எனப் பிரிச்சு விடுறதா என்பது மட்டும்தான் டிரைவர் கையில் இருக்கு.

எடையையும் பார்க்கணும். 12 மி.மீ. கம்பி ஒரு மீட்டர் 0.888 கிலோ. ஒரு முழுக் கம்பி பத்தரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எழுபது கம்பி ஏற்றினாலே ஏறக்குறைய 750 கிலோ, பல ஏஸ் மாடல்கள் சுமக்கக்கூடிய முழு எடை கிட்டத்தட்ட அதுதான். கண்ணுக்கு அது ஒரு சின்னக் கட்டு மாதிரிதான் தெரியும். "இன்னும் ஒரு கட்டு போடலாமே" என்று தோன்றுவதற்கு அதுவே காரணம்.

இந்த எடை எங்கே உட்காருது என்பதுதான் பெரிய பிரச்னை. பின்சக்கரத்துக்குப் பின்னால் எடை தொங்கினால் வண்டி சீசா பலகை மாதிரி ஆகிவிடும். பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் லேசாகும். முன்சக்கரம் ரோட்டை அழுத்திப் பிடித்தால்தான் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். சாரலில் நனைந்த ரோட்டில் அந்தப் பிடி ஏற்கெனவே குறைவு. பைப் ஆடாமல் இருக்க ஒரு லோடுமேனை மேலே உட்கார வைக்கும் பழக்கம் இருக்கே, அதைப் பற்றி என்ன சொல்ல... கட்ட வேண்டிய பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு மனுஷனை வைக்கிறோம்.

புளியரை எஸ் வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744-ல், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் இடம். ஏற்றத்தில் கம்பி பின்னால் வழுக்கும். வளைவில் வண்டி ஒரு பக்கம் திரும்ப, பின்னால் நீட்டிய நுனி எதிர்ப்பக்கம் வீசும். வண்டி தன் லேனுக்குள்தான் இருக்கு என்று டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறார். ஆனால் கம்பியின் நுனி பக்கத்து லேனில் இருக்கு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் வரிசைகட்டும் ரோடு இது.

பிரேக் அடித்தால் நிலைமை தலைகீழ். லோடு முன்னால் பாயும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லோடு கட்டுவதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: லோடின் எடையில் 80 சதவீத விசை முன்பக்கம் தள்ளினாலும், 50 சதவீத விசை பக்கவாட்டிலோ பின்பக்கமோ தள்ளினாலும் கட்டு தாங்க வேண்டும். 500 கிலோ கம்பிக்கு முன்பக்கம் மட்டும் 400 கிலோ தாங்கணும். நைலான் கயிறு ரெண்டு சுத்து அதுக்குப் பத்தாது. இரும்பு மேல் ஈர இரும்பு வழுக்கும் என்பதால் கட்டுக்கு நடுவில் இருக்கும் கம்பி மட்டும் உருவிக்கொண்டு வரும். அது போகிற வழியில் இருப்பது கேபின். ஆக, இதில் முதல் ஆபத்து டிரைவருக்கேதான். கட்டை இரண்டு, மூன்று இடங்களில் பெல்ட்டால் முழுசாகச் சுற்றி இறுக்கணும், முன்னால் முட்டுக் கொடுக்கணும். மேலோட்டமாகக் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவது லோடு துள்ளாமல் இருக்க மட்டுமே உதவும்.

பின்னால் வரும் பைக்காரருக்குச் சிக்கல் வேற மாதிரி. 12 மி.மீ. கம்பியை நுனிப்பக்கமிருந்து பார்த்தால் அது ஒரு புள்ளிதான். ராத்திரியில் ஹெட்லைட் போட்டாலும் துருப்பிடித்த புள்ளி மின்னாது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கு என்று கண்ணால் கணிக்கவும் முடியாது. நாம் பார்ப்பது வண்டியின் டெயில் லைட்டை, அதை வைத்துத்தான் இடைவெளி விடுகிறோம். கம்பி அதற்கு 8 அடி முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பின்கதவைத் தொங்கவிட்டால் டெயில் லைட்டும், டி.என். 76 என்று தொடங்கும் நம்பர் பிளேட்டும்கூட மறைந்துபோகும்.

இதே ஊரில் இன்னொரு நீள லோடு

சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் நிற்கும் இடத்துக்கு இறக்கைகள் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றொன்றும் 50, 60 மீட்டர் நீளம். அதற்கென்று நீள டிரெய்லர், முன்கூட்டியே வாங்கிய அனுமதி, முன்னால் பின்னால் பாதுகாப்பு வண்டி, திருப்பத்தில் ஆள் நிறுத்தி ஜாடை காட்டுவது என்று ஊர்வலம் மாதிரி போகும். ஊரே நின்று வீடியோ எடுக்கும். 60 மீட்டர் இறக்கைக்கு இத்தனை ஏற்பாடு செய்யத் தெரிந்த நமக்கு, 6 மீட்டர் பைப்புக்கு ஒரு துண்டுத் துணிக்கு மேல் யோசிக்கத் தோணலை. இறக்கையை அனுப்புவது கம்பெனி. ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பது காகிதத்தில் இருக்கு. பைப்பை அனுப்புவது யார்? அதுதான் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இதுவரை வரலை.

டிரைவரை மட்டும் பிடித்து என்ன பயன்?

பெரும்பாலான லோடு வண்டிக்காரர்கள் ட்யூ கட்டி ஓட்டுகிறவர்கள். கடை வாசலில் நிற்கும்போது "இவ்வளவு நீட்டிக்கிட்டு போக மாட்டேன்" என்று சொன்னால், அடுத்த வண்டி ஏற்றிக்கொண்டு போகும். ஒரு நடைக்குப் பேசிய வாடகையில் ரெண்டு நடை போக யாரும் காசு தருவதில்லை. அதனால் ரோட்டில் நிறுத்தி 20,000 ரூபாய் எழுதுவது, இந்த முடிவை எடுக்கவே முடியாத ஒருவரிடம் மொத்தக் கணக்கையும் முடிப்பதுதான். சாவு நடந்துவிட்டால் இன்னும் மோசம். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1)-ன்படி அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. கைதாவது டிரைவர்தான், லோடு ஏற்றிவிட்ட கடை அன்றைக்கும் திறந்திருக்கும்.

"ஓட்ட வைப்பவர், அனுமதிப்பவர்" என்ற வார்த்தைகளைப் போக்குவரத்துத் துறையும் போலீஸும் கையில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. செக்போஸ்ட்டில் நிற்பதற்குப் பதிலாக, லோடு ஏறும் இடத்தில் நிற்கலாம். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் இரும்புக் கடைகளும் மரக்கடைகளும் எங்கே இருக்கு என்று தேடவா வேண்டும்? வாரத்தில் ஒரு நாள் கடை வாசலில் நின்று, பில்லில் இருக்கும் நீளத்தையும் வண்டியின் நீளத்தையும் ஒப்பிட்டாலே போதும்.

சரி, கோயில் கொடைக்குப் பக்கத்து ஊருக்கு நாலு சவுக்குக் கம்பு கொண்டுபோகவும் லாரியா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் பின்னால் 4 அடிக்கு மேல் நீட்டினால் 18 அங்குலச் சதுரக் கொடி கட்டாயம் என்று விதி வைத்து, நீட்டலை அளவோடு அனுமதிக்கிறார்கள். நம்மகிட்டயும் அப்படி ஒரு மீட்டர் இருந்தது, அதை என்ன செய்தோம் என்பதும் தெரிந்ததுதான். அதனால் இந்தத் தடை கடுமையானது என்று சொல்ல எனக்கு மனசு வரலை.

நீங்க என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள். மேஸ்திரி லிஸ்ட் அனுப்புவார், நீங்கள் ஜிபேயில் பணம் போடுவீர்கள், லோடு வந்ததும் வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். நடுவில் அந்தக் கம்பி எப்படி வந்தது என்று பார்த்திருக்க மாட்டீர்கள். ஆர்டர் போடும்போதே "அண்ணாச்சி, லோடு எந்த வண்டில வருது?" என்று கேளுங்கள். கம்பிக்கு 20 அடிக்குக் குறையாத பாடி உள்ள ஈச்சர் மாதிரி வண்டி வேணும். சதுர பைப்பை கேட்டின் அளவு சொல்லிக் கடையிலேயே வெட்டி வாங்கலாம். பிவிசி பைப் 10 அடி நீளத்திலும் கிடைக்கும். கூடுதலாக நாலு கப்ளிங் செலவாகும், அவ்வளவுதான். ரூஃபிங் ஷீட்டைத் தொட்டியில் நீட்டி வைத்தால் காற்றில் தூக்கும், ஓரம் கத்தி மாதிரி வெட்டும், அதனால் அதுக்கும் பெரிய வண்டிதான். என்ஜினியரிடம் கம்பி அட்டவணை இருந்தால், அளவுக்கு வெட்டி வளைத்துத் தரும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு உத்தேசமாக மூன்று, நான்கு டன் கம்பி போகும். அதன் விலை லட்சங்களில். அதற்குப் பக்கத்தில் பெரிய வண்டியின் வாடகை வித்தியாசத்தை வைத்துப் பாருங்கள். "மேஸ்திரி, அதை நான் தர்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, கடைக்காரரை பில்லில் வாடகையைத் தனி வரியாக, எந்த வண்டி என்ற விவரத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.