சுவர் யாருடையது?

இரவில் ஒரு கட்டடத்தின் முகப்பே பெருந்திரையாக மாறும் காட்சியை இன்று நம் நாட்டில் பல இடங்களில் காண்கிறோம். தூண், சன்னல், வளைவு ஆகியவற்றை முன்னதாகவே அளந்து, அவற்றுக்குப் பொருந்துமாறு கணினியில் படங்களை அமைத்து, ஆற்றல்மிக்க புரொஜெக்டர்கள் வழியே சுவரில் பாய்ச்சுகின்றனர். 2022 ஜனவரி 29 அன்று, புது தில்லியில் முப்படைகள் பாசறை திரும்பும் விழாவில், நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களின் சுவர்களில் விடுதலையின் 75-ஆம் ஆண்டை நினைவுகூரும் காட்சிகள் ஒளிர்ந்தன.

விளக்கை அணைத்தால் கல்லில் ஒரு கீறலும் இராது. ஆகவே எதைக் காட்டினால்தான் என்ன என்று கேட்போர் உண்டு. அக்கருத்து ஏற்கத்தக்கதன்று.

சிட்னி ஓபரா ஹவுஸ், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2007-இல் இடம்பெற்றது. 'விவிட்' ஒளித் திருவிழாவில் அதன் கூரைமீது கலைஞர்களின் படைப்புகள் ஒளிர்வதை மக்கள் விரும்பிக் காண்கின்றனர். ஆனால், 2018 அக்டோபரில் ஒரு குதிரைப் பந்தயத்தின் விளம்பரம் அதே கூரையில் காட்டப்பட்டபோது பெரும் எதிர்ப்பு மூண்டது. திரண்டு வந்தோர் கைவிளக்குகளைப் பாய்ச்சி அக்காட்சியை மங்கச் செய்ய முனைந்தனர். கல்லுக்குச் சேதமில்லை, எனினும், பொதுச் சொத்தின் மதிப்பு விலைபேசப்பட்டதாக அவர்கள் கருதினர்.

இதற்கு மாறானதோர் எடுத்துக்காட்டு ஹிரோஷிமாவில் உண்டு. 1999 ஆகஸ்டில், போலந்தில் பிறந்த கலைஞர் கிஷிஷ்டோஃப் வோதிச்கோ, அணுகுண்டில் சிதைந்த குவிமாடக் கட்டடத்தின் கீழுள்ள ஆற்றங்கரைச் சுவரில், பேசுவோரின் கைகளை மட்டும் காட்டினார். குண்டுவீச்சில் உயிர்பிழைத்தோர் உள்ளிட்டவர்களின் குரல்கள் உடன் ஒலித்தன. அக்கட்டடமே தன் துயரைச் சொல்வதுபோல் அக்காட்சி அமைந்தது.

நம் கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் ஒளிக்காட்சி அமைப்போர் இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தல் நலம். இத்தகைய காட்சிகளுக்குப் பெரும் பொருட்செலவு ஆகும். நிறுவனங்கள் அதனை ஏற்க முன்வருவது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அவற்றின் பெயர் நுழைவாயில் பலகையில் இருந்தால் போதும். முகப்பில் மின்ன வேண்டியதில்லை. மன்னர்களின் வெற்றிகளோடு, கல் சுமந்தவர், சிற்பிகள், சுற்றுப்புறத்தில் தலைமுறைகளாக வாழ்வோர் ஆகியோரின் கதைகளும் அங்கே இடம்பெற வேண்டும். என்ன காட்டப்படும் என்பதை முன்கூட்டியே அறிவித்து, மக்களின் கருத்தையும் கேட்க வேண்டும்.

பொதுச் சுவரைச் சிறிது நேரம் இரவல் பெறுவோர், அதன் உரிமையாளர்கள் மக்களே என்பதை மறத்தலாகாது.